பிரசவ அறையிலிருந்து பால்வாடி வரை

1969-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஆடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பிரசவத்தைத் தொடங்கிவைப்பது தாயின் உடலா, வயிற்றிலிருக்கும் குட்டியா என்பதே அவருடைய கேள்வி. கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு வகை மருந்தைச் செலுத்தினால் ஆடு நாள் முற்றுவதற்கு முன்பே ஈன்றது. அவ்வளவு முன்னால் பிறக்கும் குட்டி மூச்சுவிடத் திணறிச் செத்துப்போக வேண்டும், ஏனென்றால் அதன் நுரையீரல் இன்னும் பக்குவப்பட்டிருக்காது. ஆனால் அப்படிப் பிறந்த ஒரு குட்டி உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தேடியதை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதன் பின்னால் போனார் லிகின்ஸ்.

குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதத்தில் பிரசவிக்கும் நிலையிலிருந்த 282 தாய்மாரிடம் அவர் நடத்திய ஆய்வு 1972-இல் வெளியானது. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் பீட்டாமெத்தசோன் ஊசி, குழந்தையின் மூச்சுத்திணறலையும் இறப்பையும் குறைத்தது. மருந்து விலை மலிவானது, முறையும் எளிது. இருந்தும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் அதை முறையாகப் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் வேறு பல ஆய்வுகளும் அதே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன. நெடுங்காலம் அவற்றை ஒன்றாகத் திரட்டிப் பார்க்க ஆளில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இன்றும் இருக்கும் சிறு கோடுகள் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் முடிவுகளைக் குறிப்பவைதாம். தாமதத்தால் இழந்த குழந்தைகளுக்கு அதைவிட நேர்மையான நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது.

கதை அங்கே முடியவில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராமப்புற மையங்கள் வரை இந்த ஊசியைக் கொண்டுபோனார்கள். மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் விடவில்லை. இந்தியா, வங்காளதேசம், கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில், கர்ப்ப வாரத்தை ஸ்கேன் மூலம் கணித்து, குழந்தைப் பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் மறுபடி சோதித்தது. 2020-இல் வந்த முடிவின்படி, மருந்து பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதம் இறந்தன, பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதம். அதே வகை மருந்துதான். நாள்கணக்குச் சரியாகத் தெரிவதும், பிறந்த பின் ஏந்திக்கொள்ளக் கை இருப்பதும் சேர்ந்தபோது பலன் தந்தது.

இந்தக் கடைசிப் பாடத்தைத்தான் நான் பள்ளிக்கு முந்தைய வயது வரை நீட்டிப் பார்க்க விரும்புகிறேன். கர்ப்பகாலச் சிக்கல்களை ஆராய்பவர்கள் ஒரு துறை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்பவர்கள் இன்னொரு துறை. இரண்டு துறைகளும் வெவ்வேறு இதழ்களில் எழுதுகின்றன, வெவ்வேறு அமைச்சகங்களிடம் நிதி கேட்கின்றன. ஆனால் இரண்டு இடத்திலும் பேசப்படுவது ஒரே குழந்தை. பிரசவ அறையில் காப்பாற்றிய குழந்தையைப் பிறகு ஏந்திக்கொள்வது யார் என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

தாயின் பக்கம் நடந்த ஆராய்ச்சியிலேயே இந்தத் தொடர்பு தெரிகிறது. கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, சில சமயம் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நிலைக்குப் பிரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். நம் வீடுகளில் ‘பிரஷர் ஏறிடுச்சு, கால் வீங்கிடுச்சு’ என்று சொல்வார்கள். உலகளவில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இதைச் சந்திக்கின்றன. முற்றினால் வலிப்பு வரும். அந்த வலிப்புக்கு எந்த மருந்து என்பதில் மருத்துவர்கள் பல காலம் பிளவுபட்டிருந்தார்கள். அமெரிக்கர்கள் மக்னீசியம் சல்பேட் கொடுத்தார்கள், பிரிட்டனில் டயசிபாம், ஃபினைட்டாயின் என்று போனார்கள். வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில், நம் நாட்டுத் தாய்மாரையும் சேர்த்து 1,687 பெண்களிடம் நடந்த ஒப்பாய்வு 1995-இல் அந்த வாதத்தை முடித்துவைத்தது. மக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு திரும்ப வருவது டயசிபாம் பெற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தது. வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் தடுக்குமா என்பதை 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த ‘மேக்பை’ ஆய்வு 2002-இல் வெளியானது. வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

இதற்குப் பிறகு வந்ததுதான் என்னை அதிகம் ஈர்ப்பது. மக்னீசியம் பெற்ற தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளிடம் பெருமூளை வாதம் குறைவாகத் தென்படுவதைச் சில மருத்துவர்கள் 1990-களில் கவனித்தார்கள். முறையாகச் சோதித்தார்கள். 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நடுத்தர அல்லது கடுமையான பெருமூளை வாதம் மருந்து பெறாத பிரிவில் 3.5 சதவீதமாகவும் பெற்ற பிரிவில் 1.9 சதவீதமாகவும் இருந்தது. தாயின் வலிப்பை நிறுத்தப் போட்ட மருந்து பிள்ளையின் மூளையையும் காக்கிறது. குழந்தை தவழ்ந்து, நடந்து, கையை ஊன்றி எழும்வரை பின்தொடர்ந்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பிறந்த அன்றே கணக்கை மூடிவிட்டால் மருந்தின் பாதிப் பலன் கண்ணுக்குத் தெரியாமலே போகும்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வந்தால், அந்த ஆராய்ச்சியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தொலைவிலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணி மறுமுறை வரமாட்டாள் என்ற எளிய உண்மையிலிருந்து தொடங்கினார் மருத்துவர் வி.சேஷய்யா. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனிக்க வேண்டும். அவரும் குழுவினரும் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட கணக்கில், நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் இந்த முறையையே ஏற்றது. இது சிலரைத் தவறவிடுகிறது என்ற விமர்சனம் சென்னை ஆய்வாளர்களிடமிருந்தே எழுந்தது, அது புறந்தள்ளக்கூடியதும் அல்ல. ஆனாலும் நான் சேஷய்யாவின் பக்கம் நிற்கிறேன். நூறு பேரில் பாதிப் பேர் மட்டும் வந்து செய்துகொள்ளும் நுட்பமான சோதனையைவிட, எல்லோரும் செய்துகொள்ளும் எளிய சோதனை அதிகத் தாய்மாரைச் சென்றடையும்.

இனி பிள்ளை வளர்ந்த பிறகு. 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கூட்டத்தின் சராசரியைத் தனிப் பிள்ளையின் தலைவிதியாக வாசிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் கூட்டமாகப் பார்க்கும்போது சில தடயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் 26 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ‘எபிக்யூர்’ ஆய்வு அவற்றுள் முக்கியமானது. கவனம் சிதறுதல், புதியவர்களிடம் பழகத் தயங்குதல், கணக்கில் குறிப்பான தடுமாற்றம் ஆகியவை அப்பிள்ளைகளிடம் அதிகம். இவர்கள் வகுப்பில் ரகளை செய்கிறவர்கள் அல்ல. சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், மனம் மட்டும் எங்கோ போயிருக்கும். முரட்டுத்தனம் செய்யும் பிள்ளையை எந்த டீச்சரும் கவனித்துவிடுவார். சாதுவாக இருந்தபடி பின்தங்கும் பிள்ளை கண்ணில் படுவதில்லை. பிரிட்டனில் சமந்தா ஜான்சன் குழுவினர் ஆசிரியர்களிடம் விசாரித்தபோது, குறைமாதப் பிறப்பு கற்றலை எப்படிப் பாதிக்கும் என்பது பற்றிப் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே என்று தெரிந்தது. மருத்துவமனைக்குத் தெரிந்த செய்தி பள்ளி வாசலைத் தாண்டவில்லை.

தாண்டினால் என்ன நடக்கும்? 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. எட்டு ஊர்களில், குறைமாதத்தில் பிறந்த, இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடையில்லாத 985 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மருத்துவக் கண்காணிப்பு கிடைத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியினருக்கு அதோடு வேறொன்றும் கிடைத்தது. முதல் ஆண்டில் வாரந்தோறும் ஒருவர் வீடு தேடி வந்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, என்ன விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை பிள்ளை நாள் முழுக்க ஒரு மழலை மையத்துக்குப் போனது. கிரெய்க் ரேமியும் ஜோசப் ஸ்பார்லிங்கும் வகுத்த அந்தப் பாடத்திட்டம் பெரும்பாலும் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளால் ஆனது.

மூன்று வயதில் அளந்தபோது, பிறந்த எடை 2 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் 13 புள்ளிகள் முன்னால் நின்றார்கள். 2 கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களிடம் இந்த இடைவெளி ஏறக்குறைய 6.6 புள்ளிகள். 18 வயதில் மறுபடி தேடிப்போய்ப் பார்த்தபோது, முதல் பிரிவினரிடம் அந்தப் பலனில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. மிகச் சிறியவர்களாகப் பிறந்தவர்களிடம் அது கரைந்துபோயிருந்தது. இந்த இரண்டாவது செய்தியை நலத்திட்டங்களைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள், குறைசொல்கிறவர்கள் அதை மட்டுமே சொல்கிறார்கள்.

ஜமைக்காவில் நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சிறியது, செலவும் மிகக் குறைவு. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத, 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட 129 குழந்தைகள். சாலி கிராந்தம்-மெக்ரிகரும் சக ஆய்வாளர்களும் அவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பால்மாவு, இன்னொன்றுக்கு விளையாட்டு, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருவார். வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டுவந்து தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஆடவைப்பார். பொம்மையை விட்டுவிட்டுப் போய், அடுத்த முறை வேறு கொண்டுவருவார். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. முதல் முடிவு 1991-இல் வந்தது. பிள்ளைகள் 22 வயதை எட்டியபோது, விளையாட்டுப் பிரிவிலிருந்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. 31 வயதில் மணிக்கூலி 43 சதவீதம் கூடுதல். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் இப்படிப்பட்ட நீண்டகாலப் பலன் தெரியவில்லை. 129 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் ‘முதலில் சத்துணவு, படிப்பு விளையாட்டெல்லாம் அப்புறம்’ என்று வரிசை போடும் நம் திட்டச் சிந்தனை இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

சரி, அந்த விளையாட்டுக்குள் என்னதான் இருக்கிறது? ‘படைப்பாற்றல் கல்வி’ என்ற பெயரில் நம் தனியார் மழலையர் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் வண்ணத்தாள் வெட்டி ஒட்டுவது. முப்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி மயில் செய்து வீட்டுக்குக் கொண்டுபோகும். மயிலின் பாதி டீச்சர் செய்தது. ஆராய்ச்சி காட்டுவது வேறு. எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷூல்ஸ் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். குழாய்களால் ஆன ஒரு விசித்திர பொம்மை. அதில் நான்கு ரகசியங்கள்: ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், ஓரிடத்தில் விளக்கு எரியும், ஓரிடத்தில் இசை ஒலிக்கும், ஒன்றுக்குள் கண்ணாடி இருக்கும். ஒரு பிரிவுப் பிள்ளைகளிடம், ‘இந்தப் பொம்மை எப்படி வேலை செய்யும் என்று காட்டுகிறேன்’ என்று சொல்லி, கீச்சுச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். இன்னொரு பிரிவிடம், தற்செயலாக இழுத்ததுபோல் இழுத்து வியந்தார்கள். முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அந்த ஒரே சத்தத்தோடு நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் நெடுநேரம் துழாவி அதிக ரகசியங்களைக் கண்டுபிடித்தார்கள்.

பிள்ளை மந்தமானதால் இப்படி நடக்கவில்லை, நியாயமாக யோசித்ததால் நடந்தது. ‘டீச்சருக்கு எல்லாம் தெரியும். வேறு ஏதாவது இருந்தால் காட்டியிருப்பார், காட்டவில்லை என்றால் இல்லை’ என்று அது முடிவுகட்டியது. ஆகவே பெரியவர் காட்டிக்கொடுப்பது தவறு என்று கொள்ள வேண்டாம். எதை முழுதாகக் காட்டுவது, எதைப் பாதியில் விடுவது என்ற தேர்ச்சிதான் மழலை ஆசிரியரின் உண்மையான தொழில்.

முழுக்கப் பிள்ளையின் கையில் விட்டுவிட்டாலும் போதாது என்று டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. எஸ்தர் டூஃப்லோவும் எலிசபெத் ஸ்பெல்கியும் சக ஆய்வாளர்களும் 214 மழலை வகுப்புகளின் 1,540 பிள்ளைகளில் ஒரு பகுதியினரை எண்ணிக்கையையும் வடிவத்தையும் உணர்த்தும் விளையாட்டுகளைச் சில மாதங்கள் ஆடவைத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. எண்ணாமலே கூட்டம் பெரிதா சிறிதா என்று ஊகிக்கும் திறன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தலில் முன்னேற்றம் நிலைக்கவில்லை. கையில் அளைந்த புளியங்கொட்டைக்கும் பலகையில் எழுதிய 5-க்கும் இடையே பாலம் தானாக முளைக்காது. யாராவது உட்கார்ந்து கட்டித்தர வேண்டும்.

உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது என்பதில்தான் நம் ஊர்ப் பிரச்சினை. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடியின் பொறுப்பில் இருப்பவர்கள் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள். இந்தக் கட்டுரையில் நான் பிரித்துச் சொன்ன இரண்டு ஆராய்ச்சித் துறைகளும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் இடம் அது. தமிழ்நாட்டில் அப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. யாருக்கு ஆறாவது மாதத்தில் கால் வீங்கியது, யார் எட்டாவது மாதத்திலேயே பிள்ளை பெற்றாள் என்று அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். சத்துமாவு கொடுத்தவர் அவர்தான். ஆனால் எடை எடுப்பது, பதிவேடு எழுதுவது, சமையலைப் பார்ப்பது, வீடுவீடாகப் போவது எல்லாம் போக, பாட்டுக்கும் விளையாட்டுக்கும் மிஞ்சும் நேரம் சொற்பம். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று நல்ல பாடத்திட்டம் இருந்தும், ஆடிப்பாட ஆளில்லை.

அந்த ஆளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களில் மழலைக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்கு ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். பெரிய பட்டம் தேவைப்படவில்லை, குறுகிய பயிற்சி போதுமானதாக இருந்தது. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்கள் கழித்து, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நான் எதிர்பாராதது இன்னொன்று. குள்ளத்தன்மையும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. காரணம் எளிது: பழைய பணியாளருக்கு இப்போது தாயையும் குழந்தையின் எடையையும் கவனிக்க நேரம் கிடைத்தது. படிப்புக்காகச் சேர்த்த ஓர் ஆளால் உடம்பும் தேறியது. இரண்டு துறைகளும் தனித்தனியே எழுதும் கட்டுரைகளில் இந்த முடிவை ஊகித்திருக்கவே முடியாது.

இன்னொரு வசதியும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பதிவாகி ஓர் எண் பெறுகிறது. தாய்-சேய் அட்டையில் கர்ப்பகாலச் சிக்கலும் பிறந்த எடையும் எழுதப்படுகின்றன. தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. ஆனால் எண் சுகாதாரத் துறையினுடையது, அங்கன்வாடி சமூகநலத் துறையினுடையது. தடுப்பூசிகள் முடிந்ததும் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. மூன்று வயதில் பிள்ளை அங்கன்வாடியில் சேரும் நாளில் அந்த அட்டையை வெளியே எடுத்து, எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, தாய்க்கு என்ன சிக்கல் இருந்தது என்ற மூன்றையும் டீச்சர் குறித்துக்கொண்டால், மருத்துவக் குழு அந்தப் பிள்ளைகளை முதலில் பார்க்கலாம். டீச்சரும் அந்தச் சாதுவான பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். இது பிள்ளைமேல் முத்திரையாகக் குத்தப்பட்டுவிடுமே என்ற அச்சம் நியாயமானது. அந்தக் குறிப்பு பெற்றோரும் டீச்சரும் மருத்துவரும் மட்டும் அறிந்ததாக இருக்க வேண்டும், சேர்க்கையை மறுக்கவோ பெஞ்சைப் பிரிக்கவோ அது பயன்படக் கூடாது.

அமெரிக்க ஆய்வில் 2 கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைகளிடம் பலன் கரைந்துபோனதைச் சொன்னேன். விளையாட்டால் அவர்களுக்குப் பயனில்லை என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தத் திட்டம் மூன்று வயதோடு நின்றது. மூளையில் அதிக அடி வாங்கிய பிள்ளைக்கு அதிகக் காலம் வேண்டும் என்பதே என் எண்ணம். நம் அங்கன்வாடியின் மழலைக் கல்வி சரியாக அந்த மூன்று வயதில் தொடங்கி ஆறு வயது வரை நீள்கிறது.